மல்மலுக்கு வைத்த பத்தியம்

அபயாம்பாளுக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னதும், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு நொண்டிக் குதிரை வந்து நின்றதும் ஒரே மாசத்தில் நடந்தன. தொண்ணூற்றொன்பது ஆகஸ்ட். இரண்டில் எது பெரிய சனியன் என்று அவளுக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை.

குதிரையைக் கொண்டுவந்தவர் வேறு யாருமில்லை, அவள் புருஷன் கல்யாணசுந்தரம்தான். ராணுவத்தில் மிருக வைத்தியப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் டிரெஸ்ஸராக இருந்தவர். டாக்டர் ஊசி என்றால் ஊசியை நீட்டுவார், பிடி என்றால் குதிரையைப் பிடிப்பார், மற்ற நேரமெல்லாம் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவார். மாயவரத்துக்காரருக்குக் குதிரை எங்கே வாய்த்தது என்று கேட்காதீர்கள், பட்டாளத்தில் எதைக் கையில் கொடுக்கிறார்களோ அதுதான் வாய்க்கும். புனேயிலேயே ரிட்டயராகி, ஊருக்கு வெளியே கோந்த்வாவில் மனுஷ நடமாட்டமே இல்லாத காலத்தில் வாங்கிப்போட்ட இடத்தில் இரண்டு ரூம் கட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தப் பள்ளியின் குதிரைதான் இது. வெள்ளைப் பெட்டைக் குதிரை, பெயர் மல்மல். நம்ம மல் வேட்டி இருக்கிறதே, அதே மல்தான்.

ஒரு நாள் தீனி ரூமின் கதவை எவனோ சாத்தாமல் போய்விட்டான். மல்மல் உள்ளே நுழைந்து அரை மூட்டை பார்லியைத் தின்று தீர்த்தது. மறுநாள் அதற்கு லாமினைட்டிஸ். குளம்புக்குள்ளே எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிற சதை வெந்து, பிடி விட்டுப்போகிற நோய். நகக்கண்ணில் ஊசி ஏறினால் நமக்கு எப்படி இருக்கும்? அந்த வலியோடு நானூறு கிலோ உடம்பையும் தூக்கிக்கொண்டு நாள் பூரா நிற்கவேண்டும். பள்ளிக்காரர்கள் ஊசி போட்டு முடித்துவிடலாம் என்றார்கள். இவர், "எனக்குக் குடுத்துடுங்க சார்" என்று கேட்டு, டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

"வீட்டுல ஒரு வியாதிக்காரி இருக்கறது பத்தலையா உங்களுக்கு?" என்றாள் அபயாம்பாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பத்தியம்தான். செலவு மிச்சம்" என்றார் அவர். சிரிக்காமல்தான் சொன்னார். அவர் அப்படித்தான், தமாஷ் பண்ணினாலும் அட்டென்ஷனில் நின்றுகொண்டு பண்ணுவார்.

ஆனால் சொன்னது மெய். குதிரைக்கும் சர்க்கரைதான் சத்துரு. காய்ந்த புல்லைக்கூட அப்படியே போடக்கூடாது. பிளாஸ்டிக் டிரம்மில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அதிலிருக்கிற இனிப்பெல்லாம் தண்ணீரோடு போனபிறகு, பிழிந்து, தராசில் தொங்கவிட்டு நிறுத்துத்தான் போடவேண்டும். கொள்ளு, கடலை, வெல்லம், கேரட் எதுவும் கிடையாது. மழைக்காலத்தில் கோந்த்வா மேடெல்லாம் பச்சைப்பசேல் என்று ஆகிவிடும். அந்தப் பச்சைப்புல்தான் எல்லாவற்றையும்விட மோசம் என்று, வெளியே கட்டும்போது குதிரைக்கு வாய்க்கூடை போட்டுவிடுவார். கண்ணெதிரே இலை போட்டு, வாயைத் தைத்த மாதிரி. இதென்ன பாவம் என்று அவள் வயிறெரியும்.

இங்கே இவளுக்கு அரைக் கப் சாதம், அரைச் சப்பாத்தி, காப்பியில் சர்க்கரை கிடையாது. வாயைக் கட்டினால்தான் வியாதி கட்டுப்படும் என்று இருவருக்கும் சேர்த்தே உபதேசம் நடக்கும். இவளாவது ஆடிவெள்ளி என்று பொங்கல் வைத்து, பிரசாதம் என்ற பேரில் இரண்டு கரண்டி உள்ளே தள்ளிவிடுவாள். குதிரை எந்தச் சாமியைச் சாக்கு சொல்லும்?

முதல் சில மாசம் அவள் கொட்டகைப் பக்கம் போனதே இல்லை. போகவைத்தது மருந்து. வலி அதிகமான நாளில் ஒரு பாக்கெட் பவுடர் கொடுக்கவேண்டும். படுகசப்பு. கோதுமைத் தவிட்டில் பிசைந்து வைத்தால் மல்மல் மோந்து பார்த்துவிட்டு, பாத்திரத்தை மூக்காலேயே கவிழ்த்துவிடும். தண்ணீரில் கரைத்துப் பெரிய சிரிஞ்சால் வாயில் பீச்சினால் அவர் சட்டை மேலேயே துப்பும். தினம் தினம் இந்தக் கூத்து. ஒரு நாள் அபயாம்பாள் தன் சர்க்கரைக்காக ஊறவைத்த வெந்தயத்தை டம்ளரோடு எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனாள். மல்மல் கழுத்தை நீட்டி டம்ளருக்குள் மூக்கை விட்டது. சரி பார்ப்போமே என்று வெந்தயத்தை அரைத்து, தவிட்டில் பவுடரோடு சேர்த்து உருட்டிக் கொடுத்தாள். ஒரே வாயில் போய்விட்டது.

"அடிப்பாவி, நாப்பது டாக்டருக்குத் தெரியாத வைத்தியம்" என்றார் கல்யாணசுந்தரம். அன்றையிலிருந்து மருந்து இலாகா இவள் கைக்கு வந்தது. மருந்து டப்பா சமையலறை அலமாரியில், இவளுடைய மாத்திரைக்குப் பக்கத்திலேயே குடியேறியது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் ஆர்டர் மாதிரிச் சொல்லிவைத்தார். "அபயம், நல்லாக் கேட்டுக்க. இந்தப் பவுடர் நோயைக் குணப்படுத்தாது. வலியை மறைக்கும், அவ்வளவுதான். வலிதான் அதுக்குக் காவல்காரன். வலி இருந்தா காலை ஊன்றாது, சதை பிழைக்கும். வலியே தெரியலைன்னா பைத்தியம் மாதிரி ஓடி, உள்ள எலும்பைக் கழட்டிக்கும். நாளைக்கு ஒண்ணு, ரெண்டு நாளைக்கு மேல கிடையாது. நான் சொல்லாம டப்பாவைத் தொடாத."

"தொடலை சாமி" என்றாள்.

ஆறு வருஷம் தொடவில்லை. அந்த ஆறு வருஷத்தில் சுற்றிலும் கட்டிடங்கள் எழும்பிவிட்டன. நாலாவது மாடி பால்கனியிலிருந்து பெண்பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். மல்மல் மெல்ல மெல்லத் தேறியது. கொட்டகைக்குள் சுற்றி வரும், காலை வெயிலுக்கு வெளியே வரும். குளிர்காலத்தில் மட்டும் முன்னங்காலை நீட்டி, பின்னால் சாய்ந்து நிற்கும். அவர் உட்கார்ந்து குளம்பின் மேல் கையை வைத்துச் சூடு பார்ப்பார், குளம்புக்கு மேலே விரலை வைத்து நாடி பிடிப்பார். அபயாம்பாள் மத்தியானம் அங்கே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கீரை ஆய்வாள். தமிழில் பேச அக்கம்பக்கத்தில் ஆள் ஏது? நாத்தனார் குறை, சர்க்கரை ரிப்போர்ட், எல்லாவற்றையும் மல்மலிடம்தான் சொல்வாள். வாயில்லாத ஜீவன் என்றுதான் பேர், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கும்.

பெண் வைஜயந்திக்கு மட்டும் அந்தக் கொட்டகையைக் கண்டால் ஆகாது. படிக்கிற காலத்தில் சிநேகிதிகளை வீட்டுக்கே கூட்டி வரமாட்டாள், சாணி நாற்றம் என்று. ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து, கூட வேலைபார்த்த புனீத் என்ற பஞ்சாபிப் பையனைப் பிடித்துப்போய், அவன் வீட்டிலும் சரி என்றார்கள். நல்ல மனுஷர்கள், குறை சொல்லக்கூடாது. ஆனால் அவர்கள் வீட்டு ஹாலே இவர்கள் வீடு மொத்தம் இருக்கும். அங்கே போன அன்றைக்கு இந்தப் பெண் என்ன சொல்லியிருக்கிறாள் தெரியுமா? "எங்க அப்பா ஆர்மி. வீட்டுல ஒரு வெள்ளைக் குதிரை வெச்சிருக்கார்."

பஞ்சாபிக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வெள்ளைக் குதிரை மேல் ஊர்வலமாக வரவேண்டும், அதுவும் பெட்டைக் குதிரை. சொல்லவேண்டுமா? புனீத்தின் அம்மா கையைக் கொட்டிச் சிரித்தாள். "அப்போ வாடகைக்கு எதுக்கு? நம்ம வீட்டுக் குதிரையிலேயே பையன் வரட்டும்!" சொந்தக்காரர்களுக்கெல்லாம் போனில் சொல்லியாகிவிட்டது, பெண் வீட்டில் குதிரை இருக்கிறது என்று.

கல்யாணசுந்தரம் ஒரே வார்த்தையில் முடித்தார். "முடியாது."

"அப்பா, அரை கிலோமீட்டர்தான். ஸ்லோவா வரப் போறாங்க."

"தார் ரோட்டுல, முதுகுல ஆளோட, பேண்டு அடிச்சுக்கிட்டு. அதோட காலுக்கு அது அரை கிலோமீட்டர் இல்லம்மா."

வைஜயந்தி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அபயாம்பாள் உள்ளே போனபோது, தலையணையிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னாள்: "அம்மா, இந்த வீட்டுல நான் பெருமையா சொல்லிக்க இருந்தது இது ஒண்ணுதான். அதுவும் பொய்னு ஆயிடும்."

பெற்ற வயிறு என்ன செய்யும்? இருபத்தைந்து வருஷம் ஒரு பட்டுப்புடவை கேட்டு அடம்பிடிக்காத பெண். அபயாம்பாள் புருஷனிடம் போய் நின்றாள், கெஞ்சினாள், மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அவர் இறங்கி வந்தார். "வெள்ளிக்கிழமை கல்யாணம். வியாழக்கிழமை சாயங்காலம் நடத்திப் பார்ப்பேன். ஒரு அடி தயங்கினாலும் கிடையாது. அதுக்கப்புறம் யாரும் பேசக்கூடாது."

அது டிசம்பர். மல்மல் முன்னங்காலை நீட்டி நிற்கிற மாசம். தயங்குமா தயங்காதா என்பது அபயாம்பாளுக்குத் தெரியாதா?

செவ்வாய்க்கிழமை காலை அவர் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வானவடிப் பக்கம் போனதும், அலமாரியைத் திறந்தாள். இரண்டு பாக்கெட். சாயங்காலம் இன்னும் இரண்டு. புதன், வியாழன் அதே கணக்கு. வெந்தயத்தைக் கொஞ்சம் தாராளமாகவே அரைத்தாள். மல்மல் உள்ளங்கையை நக்கி நக்கித் தின்றது. "மூணு நாளைக்குத்தாண்டி. என் பொண்ணு மானத்தைக் காப்பாத்திடு. அப்புறம் ஆயுசுக்கும் உன்னை உட்கார வெச்சு சோறு போடறேன்" என்று அதன் காதில் சொன்னாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கல்யாணசுந்தரம் மல்மலைக் கயிற்றில் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தார். நடத்தினார். திருப்பினார். மறுபடி நடத்தினார். மெல்ல ஓடவிட்டார். தலை ஆடவில்லை, கால் தயங்கவில்லை. உட்கார்ந்து குளம்பைத் தொட்டார். சூடில்லை. நாடி பார்த்தார். எழுந்து நின்றபோது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. நாற்பது வருஷக் கல்யாண வாழ்க்கை என்று சொல்லமுடியாது, இருபத்தெட்டுதான், அதில் அந்த மாதிரி அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"அபயம், பார்த்தியா! டிசம்பர்ல இப்படி நடக்குது! ஆறு வருஷப் பத்தியம் வீண் போகலடி!"

"போகுமா பின்னே" என்று அவளும் சிரித்தாள்.

குளம்புக்கு அடியில் பழைய டயர் ரப்பரை வெட்டித் தானே மெத்தை தைத்துக் கட்டினார். மறுநாள் காலையில் நம்ம வழக்கப்படி தாலி கட்டி முடிந்தது. சாயங்காலம் அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை ஊர்வலம். மல்மலுக்குச் சரிகைத் துணி போர்த்தி, நெற்றியில் முத்துச் சரம் தொங்கவிட்டிருந்தார்கள். கயிற்றை வேறு யாரிடமும் கொடுக்காமல் கல்யாணசுந்தரமே பிடித்துக்கொண்டார். பெண்ணின் அப்பா! பஞ்சாபிகளில் ஒரு கிழவர், விஷயம் தெரியாதவர், மாப்பிள்ளை தலையைச் சுற்றி ஒரு நோட்டை எடுத்துக் குதிரைக்காரனுக்கு என்று இவர் சட்டைப் பையில் செருகினார். இவர் கயிற்றை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு சடங்கு. மாப்பிள்ளையின் அக்கா தங்கைகள் குதிரைக்கு ஊறவைத்த கடலைப்பருப்பு ஊட்டவேண்டும். கல்யாணசுந்தரம் முன்பே சொல்லியிருந்தார், ஒரு சிட்டிகை காட்டிவிட்டு எடுத்துவிடுங்கள், பேருக்குத்தான் என்று. அவர்களும் தலையாட்டியிருந்தார்கள். ஆனால் அந்த நேரம் பார்த்து, பெண்ணின் அப்பாவும் தலைப்பாகை கட்டவேண்டும் என்று நாலு பேர் அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். கயிறு அபயாம்பாள் கையில். ஒரு தாம்பாளம் நிறையப் பருப்பு, மேலே வெல்லக்கட்டி. அக்கா ஊட்டினாள், தங்கை ஊட்டினாள், சித்தி பெண், பெரியப்பா பெண், அண்ணி. ஆறு வருஷம் ஊறிப்போன புல்லைத் தின்ற வாய். தாம்பாளத்தை வழித்துத் துடைத்தது. இன்னொரு தாம்பாளம் வந்தது.

'போதும்' என்று சொல்ல அவளுக்கு இந்தி தெரியாமலில்லை. இருபது வருஷமாகப் புனேயில் காய்கறிக்காரனோடு மல்லுக்கு நிற்கிறவள். ஆனால் சம்பந்தி வீட்டார் மங்கள காரியமாக ஊட்டுகிறபோது, பெண்ணைப் பெற்றவள் குறுக்கே கையை நீட்டுவதா? அபசகுனம் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால்? வாயை மூடிக்கொண்டு நின்றாள். அரை கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. பேண்டு, ஆட்டம், மறுபடி ஆட்டம். மல்மல் ஒரு முறைகூடத் தயங்கவில்லை. எல்லோரும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கல்யாண மண்டப மாடியிலிருந்து வைஜயந்தி பார்த்துக் கையசைத்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்காக எதையும் செய்யலாம் என்றுதான் அப்போது தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை மல்மல் எழுந்திருக்கவில்லை.

உடம்பெல்லாம் வேர்வை. மூச்சு இரைத்தது. கல்யாணசுந்தரம் குளம்பைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். ஐஸ் வாங்கி வந்து பக்கெட் பக்கெட்டாகக் காலுக்குக் கட்டினார். அபயாம்பாள் ஃப்ரிட்ஜிலிருந்த கல்யாணப் பட்சணத்தையெல்லாம் வெளியே எறிந்துவிட்டு, தண்ணீர்ப் பாத்திரங்களாக உள்ளே வைத்தாள். மத்தியானம் டாக்டர் கிருஷ்ணஸ்வாமி வந்தார். மேஜராக இருந்து ரிட்டயரானவர், இவருடைய பழைய ஆபீசர். குளம்புக்கு மேலே, ரோமம் முடிகிற இடத்தில் விரலை வைத்து அமுக்கினார். விரல் பள்ளத்தில் இறங்குகிற மாதிரி உள்ளே போயிற்று. இரண்டு முன்னங்காலிலும் அப்படித்தான்.

"எலும்பு இறங்கிடுச்சு கல்யாணம். இனிமே ஒண்ணும் பண்ணமுடியாது" என்றார். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எனக்கு ஒண்ணுதான் புரியல. இப்படி ஆகிற அளவுக்கு அது எப்படி நடந்தது? முதல் பத்து அடியிலேயே வலி தாங்காம நின்னிருக்கணுமே. பவுடர் எவ்வளவு குடுத்தே?"

"குடுக்கலை சார். நவம்பருக்கப்புறம் குடுக்கலை" என்றார். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. அபயாம்பாள் மல்மலின் தலைமாட்டில் உட்கார்ந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். டப்பா மூடி கழன்றது. ஒவ்வொரு பாக்கெட்டாக மேடை மேல் வைக்கிற சத்தம். ரொம்ப நேரம் எண்ணினார். அப்புறம் மூடி விழுந்தது.

வெளியே வந்து, டாக்டருக்கு முன்னால் நேராக நின்றார். "குடுத்தேன் சார். பன்னெண்டு பாக்கெட். நான்தான் குடுத்தேன்."

"நீயா? நீயா கல்யாணம்?" டாக்டரால் நம்பமுடியவில்லை. "போன மாசம் சேர்ந்த பயல்கூட இதைச் செய்யமாட்டானே."

"புத்தி கெட்டுப்போச்சு சார்."

அபயாம்பாளுக்கு வாய் திறக்கவில்லை. நான்தான் என்று சொல்ல இரண்டு வார்த்தைகூட வேண்டாம். அதுகூட வரவில்லை.

டாக்டர் பெட்டியைத் திறந்தபோது கல்யாணசுந்தரம் அவள் பக்கம் திரும்பாமலே, "உள்ள போய் வெல்லம் கொண்டா" என்றார். இரண்டு கை நிறையக் கொண்டுவந்தாள். அவர் வாங்கி, உடைத்து உடைத்து மல்மலின் வாயில் வைத்தார். அந்த வலியிலும் அது தின்றது. கடைசிக் கட்டியைத் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அவர் உள்ளங்கையை மோந்தது. டாக்டர் அப்போது ஊசியைப் போட்டார்.

அதற்குப் பிறகு கல்யாணசுந்தரம் குதிரை வேலைக்குப் போகவில்லை. கிருஷ்ணஸ்வாமியின் கண்ணில் படாமல் இருப்பதற்காக ராணுவக் கான்டீனுக்குக்கூட வேறு நாளில் போவார். கொட்டகையைப் பிரித்தார். வாட்ச்மேன் வேலை பார்த்தார். வீட்டில் கத்தவில்லை, அடிக்கவில்லை, ஒரு சொல் கேட்கவில்லை. ஒன்று மட்டும் செய்தார். அபயாம்பாளின் சர்க்கரை மாத்திரைகளை அலமாரியிலிருந்து எடுத்துத் தன் இரும்பு டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். இரண்டு வேளையும் பூட்டைத் திறந்து, ஒரே ஒரு மாத்திரையைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைப்பார். அவள் விழுங்கும்வரை தண்ணீர் டம்ளரோடு நிற்பார்.

திட்டினால் அழுது தீர்த்துவிடலாம். இது மூன்று வருஷம் நடந்தது. இடையில் வாகடில் புகுந்த வீட்டிலிருந்து வைஜயந்தி போன் பண்ணுவாள். "அம்மா, இங்க எல்லாரும் இன்னும் நம்ம குதிரையைப் பத்திதான் பேசறாங்க." குதிரை வயசாகிப் போய்ச் சேர்ந்தது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

இரண்டாயிரத்தெட்டு டிசம்பரில் ஒரு நாள், அவர் மாத்திரையை நீட்டியபோது அபயாம்பாள் கையை நீட்டவில்லை. "நான்தாங்க குடுத்தேன்" என்றாள். "செவ்வாய், புதன், வியாழன். நான்தான்." சொல்லும்போதே உடைந்து அழுதாள்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். "பெத்தவ, குடுத்துட்டே. அதை நான் மன்னிச்சு எத்தனையோ நாளாச்சு."

"அப்புறம் ஏங்க இப்படி..."

அவர் மாத்திரையைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"அன்னிக்கு வாசல்ல நடத்திப் பார்த்தேனே. ஆறு வருஷப் பத்தியம் வீண் போகலன்னு நான் சிரிச்சேன். நீயும் கூட நின்னு சிரிச்சே."

மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் டம்ளரை நீட்டினார்.